கடல் கடந்து வந்த அரிச்சுவடி

"இதைக் கடலில் விடுவதா, மையவாடி ஓரமாகப் புதைப்பதா? ஓதிக் கொடுக்கிறவள் நீ. நீயே பார்த்துச் சொல், மகளே!"

2022ஆம் ஆண்டு, நாகூரில் என் தாய்வழிப் பாட்டனாரின் பழைய வீட்டைப் பழுது பார்க்கத் தொடங்கியபோது, என் பெரிய மாமா அவர்கள் என்னை அழைத்துக் கேட்ட கேள்வி இது. பரண்மேல் கிடந்த ஒரு தகரப் பெட்டியைத் தச்சர்கள் இறக்கி வைத்திருந்தார்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை எங்கள் ஊருக்குள் புகுந்தபோது கூடத்தில் இருந்த பெட்டி படுக்கையெல்லாம் உப்புநீரில் ஊறிப்போயின. பரண்மேல் இருந்த காரணத்தால் இது ஒன்று தப்பியிருந்தது. உள்ளே, வெளுத்துப்போன ஒரு கைலித் துண்டில் கட்டிய காகிதக் கட்டுகள் இரண்டு. மடிப்பு மடிப்பாய்ப் பழுத்த தாள்கள். அவற்றில் வலமிருந்து இடமாக ஓடிய அரபு எழுத்துகள்.

அரபு எழுத்தைக் கண்டதும் வீட்டார் அவை ஏதோ கிதாபின் ஏடுகள் என்றே எண்ணிவிட்டனர். இறைநாமம் எழுதிய தாளைக் குப்பையில் எறியக்கூடாது என்ற பேணுதல் நம் இல்லங்களில் இன்றும் உண்டல்லவா? ஆகவேதான் கடலா, மண்ணா என்ற ஆலோசனை. பெண்கள் மதரஸாவில் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துபவள் என்பதால் என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள்.

மேலே கிடந்த தாளை எடுத்தேன். முதல் வரியில் பிஸ்மில்லாஹ். இரண்டாம் வரியை மெதுவாக எழுத்துக் கூட்டினேன். "நீங்கள் பினாங்கிலிருந்து அனுப்பிய சீப்பும் கண்ணாடியும் வந்து சேர்ந்தன. கண்ணாடி வழியில் உடைந்துவிட்டது. அதனால் குற்றமில்லை. நீங்கள் வரும்வரை நான் முகம் பார்த்து என்ன செய்யப் போகிறேன்?"

என் கை நடுங்கியது. இது கிதாபு அன்று. அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழ். என் நன்னி, அதாவது என் உம்மாவைப் பெற்ற தாய், தம் பதினாறாம் வயதில் தம் கணவருக்கு எழுதிய மடல்.

அரபுத்தமிழ் என்னும் திறவுகோல்

இன்றைய இளந்தலைமுறைக்கு அரபுத்தமிழ் என்ற சொல்லே புதிதாக இருக்கக்கூடும். தமிழை அரபு எழுத்துகளில் எழுதும் முறை அது. அரபியில் இல்லாத ப, ட, ங, ஞ, ழ முதலிய ஒலிகளுக்காகச் சில அரபு எழுத்துகளுக்குக் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டு நம் முன்னோர் அமைத்துக்கொண்டார்கள். தமிழகத்திலும் இலங்கையிலும் நம் மக்களிடையே பல தலைமுறைகள் அது வழங்கி வந்தது. கீழக்கரையில் வாழ்ந்து மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) போன்ற பெருமக்கள் மார்க்கச் சட்டங்களை அம்முறையில் நூல்களாக யாத்தளித்தார்கள். அவை கல்லச்சில் அச்சாகி வீடு வீடாகச் சென்றன.

பள்ளிக்கூட வாசலை மிதியாத பெண்களும் சிறுவயதில் குர்ஆன் ஓதக் கற்றிருந்தனர். ஆகவே அரபு எழுத்து அவர்களுக்குத் தெரியும், தமிழோ தாய்மொழி. இரண்டும் இணைந்த இடத்தில் அவர்கள் எழுத்தறிவு பெற்றார்கள். "எழுதப் படிக்கத் தெரியாதவர்" என்று அரசின் கணக்கெடுப்பில் பதிவாகியிருக்கக்கூடிய ஒரு பெண், தன் வீட்டு முற்றத்தில் அமர்ந்து நான்கு பக்க மடலைப் பிழையின்றி எழுதிக் கொண்டிருப்பாள்! தமிழ்ப் பள்ளிகளும் தமிழ் அச்சு நூல்களும் பெருகிய பின்னர் அந்த எழுத்து மெல்ல மெல்ல வழக்கொழிந்தது.

எனக்கு அதைச் சொல்லித் தந்தவரே என் நன்னிதான். நான் கல்லூரியில் பி.ஏ. படித்த நாட்களில், விடுமுறைக்குச் செல்லும்போதெல்லாம் பழைய கிதாபு ஒன்றை மடியில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக் காட்டுவார். 2003இல் அவர் மறைந்தார். தம் மடல்களைத் திறக்கும் சாவியை முன்கூட்டியே என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்பது, பெட்டி திறந்த அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

படிக்கலாமா, கூடாதா?

ஆயினும் ஒரு தயக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. பிறருடைய கடிதத்தை அனுமதியின்றிப் பார்ப்பது பண்பன்று என்று மாணவியருக்குச் சொல்லித் தருபவள் நான். கணவன் மனைவியரை ஒருவருக்கொருவர் ஆடை என்று திருமறை உவமித்திருக்கிறது. ஆடையின் வேலை மறைப்பதுதானே! அவ்விருவரும் இறையடி சேர்ந்துவிட்டார்கள் என்பதால் அந்த ஆடையை விலக்கிப் பார்க்க எனக்கு உரிமை வந்துவிடுமா?

"எரித்து விடலாம்" என்றார் சின்ன மாமா. "நம் உம்மா வாப்பா பேசிக்கொண்டதை நாம் அறிந்து ஆகப்போவது என்ன?"

பெரிய மாமா அவர்களுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "என் வாப்பாவின் முகத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஆறாவது வயதில். அதற்கு முன்பு அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதை மட்டுமாவது தெரிந்துகொள்ள வேண்டும்" என்றார்.

முடிவில் வழி சொன்னவர் என் உம்மாதான். "நீ முதலில் மனதுக்குள் படி. பேரப்பிள்ளைகள் முன்னிலையில் வாசிக்கத் தக்கதை மட்டும் எங்களுக்குச் சொல். மற்றதைப் பார்த்த கண்ணோடு மூடிவிடு" என்றார். அந்த அமானிதத்தின் பேரில்தான் படித்தேன். மொத்தம் எழுபத்தொரு மடல்கள். பாட்டனார் எழுதியவை நாற்பத்திரண்டு, நன்னி எழுதியவை இருபத்தொன்பது. அவற்றுள் பதினொன்றை முதற்சில வரிகளோடு நிறுத்தி, தனியே துணியில் சுற்றி வைத்துவிட்டேன். அவை அவர்களுக்கு மட்டுமே உரியவை. இக்கட்டுரையில் வருவதெல்லாம், என் உம்மாவும் மாமாமார்களும் கேட்டு, "எழுதலாம்" என்று மனமுவந்து சொன்னவையே.

சபராளியின் மனைவி

என் நன்னிக்கு 1937இல் திருமணம் நடந்தது. மணமகன் முறைமச்சான், பினாங்கில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தவர். மணமாகி இரண்டு மாதத்தில் அவர் மீண்டும் சபர் போய்விட்டார். அந்நாளில் நம் கடற்கரை ஊர்களில் இது புதுமையன்று. நாகப்பட்டினத்துக் கடலில் கப்பல் தள்ளி நிற்கும். படகில் போய் ஏறுவார்கள். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயர் எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சொந்தக்காரர் பெயர்போல நாவில் புரளும். கப்பல் வரும் நாள்தான் அவர்களுக்குத் தபால் நாள்.

பினாங்கில் நம்மவர்கள் மிகுதி. சூலியாத் தெருவும், 1801இல் தோன்றிய கப்பித்தான் பள்ளிவாசலும், நாகூர் ஆண்டகையின் பெயரால் அமைந்த நினைவிடமும் அதற்குச் சான்று பகரும். பாட்டனாரின் மடல்களில் அந்நகரம் அப்படியே விரிகிறது. கடை பூட்டியபின் எட்டுப் பேர் ஒரே அறையில் படுப்பது, வெள்ளிக்கிழமை மட்டும் பிரியாணி உண்பது, மழைக்காலத்தில் அடுக்கிய துணிக்கட்டுகளை ஈரம் தொடாமல் காப்பது என ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார். பெரிய எழுத்து; அவசரமில்லாத கை.

நாங்கள் அறிந்த பாட்டனார் வேறு. நான் ஏழு வயதுச் சிறுமியாக இருந்தபோது, 1986இல் அவர் வஃபாத்தானார். மளிகைக் கடையின் தராசுக்குப் பின்னால் அமர்ந்து, சிரிக்காமல், குழந்தைகளிடம் கூடக் கணக்காகப் பேசும் மனிதராகத்தான் அவரை நினைவிருக்கிறது. மடலில் வரும் இளைஞரோ, "நேற்று மழையில் நனைந்தபடி துறைமுகம்வரை நடந்தேன். நம் ஊர்க் கப்பல் நின்றது. ஏறிவிடலாமா என்று கால் கேட்டது, கணக்குப் புத்தகம் விடவில்லை" என்று எழுதுகிறார். இருவரும் ஒருவர்தாமா என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

முடியாத கதை

1938இல் நன்னி எழுதிய ஒரு மடல்தான் இந்த வரலாற்றின் திருப்பம். அவ்வாண்டு எங்கள் நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் (1917–1998) எழுதிய 'காதலா? கடமையா?' என்ற புதினம் வெளிவந்தது. தமிழில் புதினம் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணி என்று இன்று போற்றப்படுபவர் அவர். தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையர் அவர்களே அந்நூலைப் பாராட்டி எழுதினார்கள். ஆசிரியை அப்போது இருபத்தொரு வயதினர். என் நன்னியைவிட ஐந்தே வயது மூத்தவர்.

நன்னி எழுதுகிறார்: "நம் ஊர்ப் பெண் ஒருவர் கதைப் புத்தகம் எழுதி அச்சில் வந்திருக்கிறதாம். பெண்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. பார்த்தும் என்ன? அது தமிழ் எழுத்தாமே! என் தாய் பேசிய மொழி என் கண்ணுக்குத் தெரியவில்லை. இதை நினைத்து இரவு உறக்கமில்லை. இதற்காக என்மீது கோபம் கொள்ள வேண்டாம்."

தொடர்ந்து, ஒரு வரியில் தம் உள்ளத்தைத் திறக்கிறார்: "எனக்குள்ளும் சொல்வதற்கு இருக்கிறது, மச்சான்."

இளமையில் நன்னிக்கு இப்படியோர் ஆசை இருந்ததை எங்களில் எவரும் அறியோம். தாலாட்டும் முனாஜாத்தும் அவர் தாமே கட்டிப் பாடுவார் என்பது தெரியும். "கிழவி சும்மா முணுமுணுக்கிறார்" என்று நாங்கள் கடந்து போயிருக்கிறோம். யா அல்லாஹ், எங்களை மன்னிப்பாயாக!

பாட்டனார் கோபித்துக்கொள்ளவில்லை. 1939இல் ஆறு மாத விடுப்பில் ஊர் வந்தபோது, எங்கோ சொல்லிவைத்து அந்நூலை வாங்கி வந்திருக்கிறார். இரவில் வீடு அடங்கியபின், அரிக்கேன் விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு மனைவிக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். பின்னாளைய மடல்களில் இருவருமே அந்த இரவுகளை நினைவுகூர்கின்றனர். ஆனால் கதை முடிவதற்குள் கப்பல் நாள் வந்துவிட்டது. "இன்னும் இருபது பக்கம் இருக்கிறது. வேறு யாரிடமும் கேட்காதே. மீதியை நீயே படி. படிக்கும் வழியை நான் அனுப்புகிறேன்" என்று சொல்லிக் கப்பலேறிவிட்டார்.

ஒரு மடலுக்கு ஐந்து எழுத்து

1940ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து வந்த அவருடைய மடல்களின் அடிப்பகுதியில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே தமிழ் எழுத்துகள் ஐந்து. ஒவ்வொன்றின் கீழும் அதே ஒலிக்குரிய அரபுத்தமிழ் எழுத்து. முதல் மடலில் அ, ஆ, இ, ஈ, உ. இப்படிப் பத்தொன்பது மடல்களில் பாடம் தொடர்கிறது. அந்தப் பகுதியைக் கண்டபோது எங்கள் வீட்டில் அழாதவர் இல்லை.

"இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்று அஞ்சாதே. பன்னிரண்டும் பதினெட்டும் தெரிந்துவிட்டால் மற்றவை அவற்றின் பிள்ளைகள். தாயைத் தெரிந்தால் பிள்ளையைத் தெரியாதா?" என்று தேற்றுகிறார். நன்னியின் பதில்களில் கேள்விகள் வருகின்றன: "லகரம் மூன்றும் எனக்கு ஒன்றாகவே கேட்கின்றன. எதற்கு எதை எழுதுவது?" "மாமி பார்க்காதபோது அடுப்புச் சாம்பலில் எழுதிப் பார்க்கிறேன். ஊதினால் அழிந்துவிடுகிறது. அதுவும் வசதிதான்."

நேரில் ஆறு மாதம் இருந்தபோது ஏன் கற்றுத் தரவில்லை என்று நமக்குத் தோன்றலாம். அந்நாளையக் கூட்டுக் குடும்பத்தில், மாமியார் நாத்தனார் நடமாடும் வீட்டில், கணவன் அருகில் அமர்ந்து ஒரு பெண் அரிச்சுவடி படிக்க முடியுமா? அருகில் இருந்தபோது முடியாதது, கடல் குறுக்கே கிடந்தபோது முடிந்திருக்கிறது!

அதே ஆண்டில் பெரிய மாமா பிறந்தார். அச்செய்தி கிடைத்து பாட்டனார் எழுதிய மடலை மாமாவின் கையிலேயே கொடுத்தேன். அவருக்கு அந்த எழுத்துத் தெரியாது, நான்தான் வாசித்தேன். "பையன் யார் சாயல் என்று எழுது. என் சாயல் என்றால் மூக்கைப் பார்த்து வருந்தாதே. அவன் எழுதப் பழகும்போது இரண்டு எழுத்தும் கற்கட்டும். ஒன்றில் ஓதட்டும், ஒன்றில் உலகத்தைப் படிக்கட்டும்." மாமா தம் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். அழுகையும் சிரிப்புமாய் அவர் அமர்ந்திருந்த காட்சி இன்னும் என் கண்முன் நிற்கிறது.

இருவர் கண்ட கனவு

இந்த மடல்களுக்கிடையேதான் அவர்களுடைய கனவு உருவாகிறது. பாட்டனாருக்கு ஓர் அச்சுக்கூடம் வைக்க வேண்டும். அரபுத்தமிழுக்குக் கல்லச்சு, தமிழுக்கு ஈய எழுத்து, இரண்டும் ஒரே கூரையின் கீழ். மாதந்தோறும் ஐந்து வெள்ளி அதற்கென ஒதுக்குகிறார். நன்னிக்கோ, அஸருக்குப் பின் தெருப் பெண்பிள்ளைகளைக் கூடத்தில் அமர்த்தி இரண்டு எழுத்தும் சொல்லித் தர வேண்டும். தாம் கட்டிய பாடல்களைப் பிள்ளைகளுக்கான சிறு நூலாக அச்சிட வேண்டும். "உன் புத்தகம்தான் நம் அச்சுக்கூடத்தின் முதல் புத்தகம். விலை அணா இரண்டு. எனக்கு மட்டும் இலவசம்" என்று பாட்டனார் குறும்பு செய்கிறார்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவின்மீது படையெடுத்தனர். அம்மாதமே பினாங்கு நகரின்மேல் குண்டுகள் விழுந்தன. அம்மாதமே நகரமும் அவர்கள் கைக்குப் போயிற்று. கப்பல் நின்றது, தபால் நின்றது. மூன்றரை ஆண்டுக்கும் மேலாக ஒரு வரி இல்லை. கணவர் உயிருடன் இருக்கிறாரா என்று அறியாமலே, கைக்குழந்தையுடன் ஒரு பத்தொன்பது வயதுப் பெண் ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் கையேந்தியிருந்த காலம் அது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் ஆங்கிலேயர் பினாங்குக்குத் திரும்பினர். அவ்வாண்டின் இறுதியில் பாட்டனாரின் மடல் வந்து சேர்ந்தது. தாம் உயிரோடிருப்பதை முதல் வரியில் சொல்லி, இறைவனைப் புகழ்கிறார். அடுத்து எழுதுகிறார்: "அச்சுக்கூடத்துக்குச் சேர்த்ததெல்லாம் ஜப்பான்காரன் நோட்டாக மாறியிருந்தது. வாழைமரம் அச்சிட்ட நோட்டு. இப்போது அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பெட்டி நிறையக் காகிதம் இருக்கிறது, பணம் இல்லை. உன் மடல்கள் மட்டும் ஒன்றுகூடக் குறையாமல் இருக்கின்றன."

பஞ்சத்திலும் போரிலும் மாற்றுத் துணிக்கே வழியில்லாத நாளிலும், அந்த இருபத்தெட்டு மடல்களை அவர் காத்திருக்கிறார். அந்தக் கைலித் துண்டு அன்று கட்டியதாகவே இருக்க வேண்டும்.

இருபத்தொன்பதாவது மடல் எங்கே என்று கேட்கிறீர்களா? அது கடல் கடக்கவே இல்லை. 1941 டிசம்பரில் எழுதியது. உறையில் தபால்தலை இல்லை. அது மட்டும்தான் நன்னி தமிழ் எழுத்தில் எழுதிய மடல். கோணல் மாணலாக, கல் பதித்ததுபோல் தனித்தனி எழுத்துகள். "கதை முடிந்தது. நானே படித்தேன். நீங்கள் வந்ததும் முடிவைச் சொல்கிறேன்" என்று தொடங்குகிறது.

1946இல் பாட்டனார் ஊர் திரும்பிய பின்னர்தான் அம்மடலைப் பார்த்திருக்கிறார். சிவப்புப் பென்சிலால் பிழைகளைத் திருத்தியிருக்கிறார். அடியில், "பிழை பதினான்கு. தேர்ச்சி" என்று எழுதி, தேதியிட்டு ஒப்பமும் வைத்திருக்கிறார்.

உம்மா கேட்ட கேள்வி

இவ்வளவோடு நிறுத்திவிட்டால் கட்டுரை இனிமையாக முடிந்துவிடும். ஆனால் உண்மை முழுமையாகாது.

இந்த மடலை நான் வாசித்து முடித்தபோது எல்லோரும் நெகிழ்ந்திருந்தோம். என் உம்மா மட்டும் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். பின்னால் சென்றேன். "உன் பாட்டனார்தான் 1961இல் என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்" என்றார். "வகுப்பில் முதலாவதாக வந்தேன். ஆசிரியை வீட்டுக்கே வந்து கேட்டுக்கொண்டார். வாப்பா தராசைப் பார்த்தபடி, 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொன்னார். மனைவிக்குக் கடல் தாண்டி எழுத்து அனுப்பியவர், மகளை நான்கு தெரு தாண்டி ஏன் அனுப்பவில்லை?"

எனக்கு விடை தெரியவில்லை. ஊராரின் பேச்சுக்கு அஞ்சினாரா? ஏழு பிள்ளைகளின் பசி அவரைச் சுருக்கிவிட்டதா? மடல்களில் இதற்கு விடை இல்லை. அவை 1946ஓடு முடிந்துவிடுகின்றன. நன்னி அப்போது மறுத்துப் பேசினாரா என்றும் உம்மாவுக்கு நினைவில்லை. "உம்மா அன்று இரவு சோறு தின்னவில்லை. அது மட்டும் தெரியும்" என்றார்.

சில நாட்கள் கழித்து உம்மாவே சொன்னார்: "கனவு கண்டு தோற்றவர். பிள்ளைகளும் கண்டு தோற்பார்களோ என்று பயந்திருப்பார். அவருக்கு நான் மன்னிப்பு அளித்துவிட்டேன். ஆனால் அது சரியென்று நான் சொல்லமாட்டேன்." ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே படித்த என் உம்மாவின் இந்தச் சொல்லைவிட நேரிய தீர்ப்பை எந்த நூலிலும் நான் படித்ததில்லை. என்னை பி.ஏ. வரை படிக்க வைக்க அவர் ஏன் தம் வளையல்களை விற்றார் என்பதும் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

தவிட்டில் எழுதிய பாடம்

நன்னியின் கனவு என்னவாயிற்று? அவருடைய நூல் அச்சாகவில்லை. அவர் தாமே கட்டிய பாடல்களில் நாங்கள் நினைவிலிருந்து மீட்டெடுத்தவை மூன்றே மூன்று. மற்றவை அவரோடு போய்விட்டன.

ஆனால் மற்றொரு செய்தி எங்கள் தெருவிலேயே கிடைத்தது. எண்பத்து நான்கு வயதான மூதாட்டி ஒருவரிடம் பேச்சுவாக்கில் இம்மடல்களைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். "உன் நன்னியிடம் நாங்கள் பத்துப் பிள்ளைகள் ஓதினோம். ஓதி முடித்து கிதாபை உறையில் வைத்தபிறகு, முறத்தில் தவிட்டைப் பரப்பி விரலால் தமிழ் எழுதச் சொல்லுவார். 'வெளியே சொல்லாதீர்கள், இது நம் கமுக்கம்' என்பார். இன்றைக்கு நான் பேருந்தில் ஊர்ப் பெயர் பார்த்து ஏறுகிறேன் என்றால் அது அவர் போட்ட தவிடு" என்றார்.

நன்னி ஓதிக் கொடுப்பவர் என்று மட்டுமே எங்களுக்குத் தெரியும். ஈய எழுத்தும் கல்லச்சும் கைகூடாத இடத்தில், முறமும் தவிடும் கொண்டு அவர் தம் கனவில் பாதியை நடத்திக் காட்டிவிட்டார். நானும் இன்று பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறேன். இந்தப் பணியை நானே தேர்ந்துகொண்டதாக இதுநாள்வரை நினைத்திருந்தேன்.

அன்புச் சகோதரிகளுக்கு

உங்கள் இல்லத்துப் பரணிலும் இப்படியொரு கட்டு இருக்கலாம். பினாங்கிலிருந்தோ, ரங்கூனிலிருந்தோ, கொழும்பிலிருந்தோ வந்ததாக இருக்கலாம். அரபு எழுத்தில் இருக்கும் ஒரே காரணத்தால் அதைக் கிதாபென்று எண்ணிக் கடலில் விட்டுவிடாதீர்கள். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதைத் தமிழ் எழுத்தில் எழுதி வையுங்கள்.

தாள்களில் குத்தியுள்ள குண்டூசிகளைப் பையக் கழற்றி விடுங்கள். துரு தாளைத் தின்றுவிடும். கிழிசலை ஒட்டுநாடாவால் ஒட்டாதீர்கள். பாதுகாப்பென்று எண்ணி நெகிழித்தாளில் வெப்பமூட்டி ஒட்டும் முறைக்கும் கொடுத்துவிடாதீர்கள்; பிறகு அதை மீட்க முடியாது. வெயிலும் ஈரமும் படாத இடத்தில், துவைத்து உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மடிப்பில் கிழியும் முன்னர் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒழுக்கம் பேணிப் படியுங்கள். உரிய வாரிசுகளிடம் கேளுங்கள். மூடி வைக்க வேண்டியதை மூடி வையுங்கள். மடலில் காணும் இளமையை வைத்து முதியோரைக் கேலி செய்யவும் வேண்டாம். அவர்கள் செய்த தவறுகளை அந்த இளமையின் பெயரால் மூடி மறைக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. இன்று உங்கள் வீட்டில் உயிரோடிருக்கும் நன்னியிடம், "உங்களுக்குச் சின்ன வயதில் என்ன ஆசை?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நான் கேட்டதில்லை. அரபுத்தமிழ் எழுத்தெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டவள், அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மகள் இப்போது என்னிடம் அரபுத்தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறாள். நன்னி தமிழ் எழுத்துக்கு அரபு எழுத்தின் கைபிடித்து நடந்தார். அவளோ தமிழ் எழுத்தின் கைபிடித்து அரபுத்தமிழுக்கு வருகிறாள். பாட்டனாரின் பாடத்தாள்கள்தான் அவளுக்கும் பாடநூல். ஒரு நாளைக்கு ஐந்து எழுத்து. சென்ற வாரம் என் உம்மா அவள் பக்கத்தில் வந்து அமர்ந்து, "எனக்கும் சொல்லிக் கொடு" என்றார்.

என் நன்னியின் கப்ரையும் பாட்டனாரின் கப்ரையும் அல்லாஹ் ஒளிமயமாக்கி வைப்பானாக! ஆமீன்.